ஊசியும் உரிமையும்

“பயப்பட ஒண்ணுமில்லைங்க சார். ஊசி போட்ட நாய்தான் கடிச்சிருக்கு!”

குரங்கணியில் ஒரு தந்தை நம்மிடம் இப்படிச் சொன்னார். அருகே அவர் மகன் நின்றான். நம் வகுப்பு மாணவன். முழங்காலுக்குக் கீழே இரண்டு பல் தடங்கள். கசிந்த குருதியின்மேல் காப்பித்தூள் அப்பியிருந்தது. பையன் கண்ணில் அச்சம். தந்தை முகத்திலோ கவலையின் சாயல்கூட இல்லை.

“யார் போட்ட ஊசி?” என்று கேட்டோம்.

“நானே போட்டேன் சார். கீழே கடையில வாங்கிட்டு வந்து, பக்கத்து வீட்டுக்காரரைப் பிடிச்சுக்கச் சொல்லி, நானே போட்டேன்.”

“எப்படிக் கொண்டுவந்தீர்கள்?”

“சட்டைப் பையிலதான்.”

சித்திரை வெயில், நெரிசலான ஜீப், இடையிடையே நின்று நின்று வந்த மலைப்பாதை, மாலை வரை சட்டைப் பையில் கிடந்த மருந்துக் குப்பி! நாம் மேலும் கேட்கவில்லை. பையனின் காலைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவச் செய்தோம். அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். காயத்தைச் சுற்றிலும் எதிர்ப்புப் புரதம் செலுத்தி, தடுப்பூசியின் முதல் தவணையும் போட்டார்கள். நான்காம் நாள் நாய் இறந்தது. எந்த நோயால் இறந்தது என்று எவரும் சோதித்துப் பார்க்கவில்லை, அதற்குள் புதைத்துவிட்டார்கள். பையன் எல்லாத் தவணைகளையும் முடித்தான். இன்று முன் வரிசையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறான்.

நலமாக முடிந்த கதைதான். ஆனால் தந்தை பிறகொரு நாள் கேட்ட கேள்வி முடியவில்லை. “நான் செஞ்சது குத்தமா சார்? என் நாய்க்கு நான் ஊசி போடக் கூடாதா?”

தோழர்களே, இதைப் படிப்பறிவில்லாதவரின் பேதைமை என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. சட்டத்தையும் அறத்தையும் ஒருங்கே தொடுகிற கேள்வி இது. ஆகவே எண்ணிப் பார்க்க வேண்டியவர்களாகிறோம்.

முதலில் அந்த மனிதர் வாழும் இடத்தை நினைவில் கொள்ளுங்கள். போடிநாயக்கனூரிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் மலையடிவாரத்தில் இருக்கிறது குரங்கணி. 2018 மார்ச் 11-ஆம் நாள் மூண்ட காட்டுத்தீ, மலையேற வந்தவர்களில் 23 பேரைப் பலிகொண்டபோது நாடே இந்தப் பெயரை உச்சரித்தது. தீ அணைந்தது, பெயரும் மறந்தது. மறந்த பின்னும் அங்கே மக்கள் வாழ்கிறார்கள். ஏலத்தோட்டத்துக்கும் காப்பித்தோட்டத்துக்கும் கூலிக்குப் போகிறார்கள். அவர்கள் வீட்டு நாய் அழகுக்கு வளர்க்கும் நாய் அன்று. காட்டுப்பன்றி தோட்டத்தில் இறங்கினால் குரல் கொடுப்பது அது. சிறுத்தை இறங்கினால் முதற்பலி ஆவதும் அது. அந்த நாய்க்கு ஊசி போட வேண்டும் என்று ஒரு கூலித் தொழிலாளி தம் கூலியிலிருந்து காசு எடுத்திருக்கிறார். தாயத்து வாங்கவில்லை, தடுப்பூசி வாங்கினார்! அந்த எண்ணத்தை வணங்கிவிட்டுத்தான் அவர் செயலை ஆராய வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டம், 30-ஆம் பிரிவில், பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் தவிர வேறெவரும் கால்நடை மருத்துவத் தொழில் புரியலாகாது என்கிறது. கால்நடை நலச் சான்றிதழில் கையெழுத்திடும் உரிமையும் அவருக்கே. ஒரே ஒரு விலக்கு உண்டு. கால்நடைத் துறையின் பட்டயமோ சான்றோ பெற்ற உதவியாளர்களை, மாநில அரசு ஆணையிட்டு, மருத்துவரின் மேற்பார்வையில் சிறு பணிகள் செய்ய அனுமதிக்கலாம். சிறு பணிகள் எவை? தடுப்பூசி, காயடித்தல், புண்ணுக்குக் கட்டுப்போடுதல் ஆகியவற்றைச் சட்டமே எடுத்துக்காட்டாகக் கூறுகிறது.

வீட்டுக்காரர் தம் நாய்க்குத் தாமே ஊசி போடலாமா என்பது பற்றி அந்தப் பிரிவில் தனியே ஒரு சொல்லும் இல்லை. “தொழில் புரிதல் என்றால் ஊரார் விலங்குகளுக்கு மருத்துவம் பார்ப்பதுதானே, என் வீட்டு நாய்க்கு ஒருமுறை போட்டது தொழிலாகுமா?” என்று ஒருவர் வாதிடலாம். “உதவியாளருக்கே மேற்பார்வை வேண்டும் என்கிற சட்டம், ஒன்றும் கல்லாதவருக்கு அதை விட்டுக்கொடுக்குமா?” என்று மற்றவர் மடக்கலாம். பிரிட்டனில் இந்த ஐயத்துக்கு இடமில்லை. அங்கே 1966-ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டம், உரிமையாளர் தம் விலங்குக்குச் சிறு மருத்துவம் செய்துகொள்ளலாம் என்று அட்டவணையில் எழுதியே வைத்திருக்கிறது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் பிற தடுப்பூசிகளை உரிமையாளர் போடலாம். வெறிநோய்த் தடுப்பூசியை மட்டும் மருத்துவரோ அவர் மேற்பார்வையில் இருப்பவரோதான் போட வேண்டும். காரணம் என்ன? மற்ற நோய் பெரும்பாலும் நாயோடு போகிறது. வெறிநோய் நாயோடு நிற்பதில்லை. அடுத்த வீட்டுக் குழந்தையையும் கொண்டுபோகிறது.

நம் சட்டத்தின் மறுபக்கத்தையும் பாருங்கள். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், விலங்கை வைத்திருப்பவர் அதன் நலத்துக்கு வேண்டியதைச் செய்தே ஆகவேண்டும் என்று 3-ஆம் பிரிவில் கடமை விதிக்கிறது. கேடு தரும் மருந்தை வேண்டுமென்றே, நியாயமின்றி விலங்குக்குக் கொடுப்பது கொடுமை என்று 11-ஆம் பிரிவில் தண்டிக்கிறது. வளர்ப்பு நாய்க்குத் தடுப்பூசி போடுவது உரிமையாளரின் பொறுப்பு என்று 2001-ஆம் ஆண்டின் நாய்க் கருத்தடை விதிகள் கூறின. 2023-இல் அவற்றின் இடத்தில் புதிய விதிகள் வந்தன.

ஆக, கடமை கூலித் தொழிலாளியின் தலையில். கருவி மருத்துவரின் கையில். இருவருக்கும் இடையே மலை! சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

“என் நாய், என் காசு, என் கை, இதில் அரசுக்கு என்ன வேலை?” என்று கேட்போர் உண்டு. தலைமுறை தலைமுறையாக உரிமை மறுக்கப்பட்டவன் ‘என் உரிமை’ என்று சொல்லக் கேட்டால் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் உயிரின்மேல் உடைமை உண்டா? குடம் நம்முடையது, உடைத்தால் இழப்பு நம்மோடு போகும். நாய்க்கு நோவு உண்டு, அச்சம் உண்டு. ‘வேண்டாம்’ என்று சொல்ல வாய் மட்டும் இல்லை. வாயில்லாத உயிரின் சார்பில் முடிவெடுப்பவன் அதன் உரிமையாளன் என்பதைவிடக் காப்பாளன் என்பதே பொருந்தும். காப்பாளனுக்கு அதிகாரத்தைவிடப் பொறுப்பு பெரிது.

அந்தப் பொறுப்பு வீட்டு வாசலோடு முடிவதும் இல்லை. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் வெறிநோயால் மாள்வதாக மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலோர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள ஏழைகள். மனிதருக்கு வரும் இந்நோயில் 99 விழுக்காடு நாயின் வழியே வருவது. அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. நம் மலைக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2018-இல் குசராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. ‘டிஸ்டெம்பர்’ என்னும் நாய்க்காய்ச்சலின் நச்சுயிரி அவற்றுட் சிலவற்றில் காணப்பட்டது. ஊர் நாயின் நோய் காட்டு விலங்குக்கும் ஏறக்கூடும். செந்நாயும் சிறுத்தையும் உலவும் சரிவில் வாழ்கிறவர்கள் நாம்.

இனி, நம் இளைஞர்கள் எழுப்பக்கூடிய கூர்மையான கேள்விக்கு வருவோம். ‘நீ படிக்கக் கூடாது, நீ ஓதக் கூடாது, நீ உள்ளே வரக் கூடாது’ என்ற தடைகளோடு போராடி வந்த நாட்டில், ‘நீ ஊசி தொடக் கூடாது’ என்று ஒரு புதுத் தடையா? பூணூல் போன இடத்தில் பட்டச் சான்றிதழா?

கேட்கவேண்டிய கேள்விதான். விடையும் உண்டு. பழைய தடை, ‘நீ யாருக்குப் பிறந்தாய்?’ என்று கேட்டது; அதற்கு விடையை மாற்ற எவனாலும் ஆகாது. இந்தத் தடை, ‘நீ என்ன கற்றாய்?’ என்று கேட்கிறது. இதற்கு விடையை எவனும் மாற்றலாம். ஆனால் ஒரு நிபந்தனை. கற்கும் வாசல் உண்மையிலேயே திறந்திருக்க வேண்டும். அது அடைத்திருந்தால் பட்டமும் பூணூலே! 1903-இல் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியது. 1989-இல் கால்நடை மருத்துவத்துக்கெனத் தனிப் பல்கலைக்கழகமே கண்டது தமிழ்நாடு. 2020-இல் தேனியிலும் கல்லூரி வந்துவிட்டது. அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கும் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் கால்நடைப் படிப்புக்கும் பொருந்துகிறது. மலையடிவாரத்துப் பள்ளிப் பிள்ளை ஒருநாள் அந்த ஊசியைச் சட்டப்படியே கையிலெடுக்க முடியும். எடுக்கச் செய்வது நம்மைப் போன்ற ஆசிரியரின் வேலை.

அறிவு இருந்தும் அடக்கம் காட்டிய ஒருவரின் கதையை இங்கே நினைப்பது தகும். வெறிநோய்க்குத் தடுப்பூசி கண்ட லூயி பாஸ்டர் மருத்துவர் அல்லர், வேதியியல் அறிஞர். நாய்களிடம் சோதித்து, அது காப்பதைக் கண்டவர் அவர். 1885 சூலை 6-ஆம் நாள், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் யோசப் மைஸ்டரை அழைத்துக்கொண்டு ஒரு தாய் அவரிடம் வந்து நின்றாள். அந்த மருந்தை அவரைவிட அறிந்தவர் உலகில் எவரும் இல்லை. ஆயினும் பாஸ்டர் ஊசியைத் தாம் எடுக்கவில்லை. மருத்துவர் கிரான்ஷேயை அழைத்து அவர் கையால் போடச் செய்தார். மருந்தைப் படைத்தவருக்கே எல்லை உண்டென்றால், மருந்தை வாங்கியவருக்கு இல்லையா?

எல்லை ஏன் வேண்டும்? நம் தந்தையின் சட்டைப் பைக்குத் திரும்புவோம். வெறிநோய்த் தடுப்பூசியை 2 முதல் 8 பாகை வெப்பத்துக்குள் வைத்துக் காக்க வேண்டும். சூடு ஏறினாலும் கெடும்; உறைந்தாலும் கெடும். கெட்ட பால் திரிந்து காட்டும். கெட்ட சோறு நாறிக் காட்டும். கெட்ட தடுப்பூசி முகம் காட்டாது! தெளிந்த நீராகவே இருக்கும், ஊசியில் ஏறும், உடம்பில் இறங்கும், ஒன்றும் செய்யாது. மிக இளங்குட்டிக்குப் போட்டால், தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றலே அதை வீணாக்கிவிடக்கூடும். நோயுற்று மெலிந்த நாய்க்குப் போட்டால் போதிய பயன் விளையாமற் போகலாம். எப்போதேனும் ஒரு நாய் ஊசி போட்ட சில நிமிடத்தில் ஒவ்வாமையால் சுருண்டு விழும்; அப்போது மாற்று மருந்து கையில் இருப்பவன் வேண்டும். குத்தத் தெரிவது கைப்பழக்கம். எப்போது குத்தக் கூடாது என்று தெரிவதற்குத்தான் படிப்பு.

பகுத்தறிவு பேசும் நாம் இன்னும் ஒரு படி இறங்கிப் பார்க்க வேண்டும். நாய் கடித்தால் மந்திரிப்பார்கள், வேர் கட்டுவார்கள், காயத்தில் சுண்ணாம்பும் மிளகாயும் அப்புவார்கள், கடிபட்டவன் வயிற்றில் நாய்க்குட்டி வளரும் என்று நடுங்குவார்கள். இவற்றையெல்லாம் நாம் எள்ளி நகையாடியிருக்கிறோம். ஆனால் அந்தத் தந்தையின் ஊசி என்ன செய்தது? ‘ஊசி போட்டாயிற்று’ என்ற நம்பிக்கையைக் கொடுத்தது. அந்த நம்பிக்கை, மகனை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லாமல் தடுத்தது. தாயத்து செய்வதும் இதைத்தானே! அது நேரே எவரையும் கொல்வதில்லை. கொல்லும் நோயின்முன் கவலையற்று உட்கார வைக்கிறது. புரியாமல் குத்திய ஊசி, கண்ணாடிக் குப்பியில் வந்த தாயத்து. அறிவியலின் பொருளை வாங்குவது வேறு. அறிவியலைக் கைக்கொள்வது வேறு. இந்த வேறுபாட்டை உணர்த்தாமல் மூடநம்பிக்கையை ஒழித்துவிட்டோம் என்று நாம் மார்தட்ட முடியாது.

ஆகவே அந்தத் தந்தைக்கு நம் விடை இது: வெறிநோய்த் தடுப்பூசியை நீங்களே போடுவது சரியன்று. சட்டப் புத்தகத்துக்கு அஞ்சி இதைச் சொல்லவில்லை. அந்த ஊசி உங்கள் நாய்க்கு மட்டும் போடும் மருந்தன்று; உங்கள் மகனுக்கும் அண்டை வீட்டாருக்கும் நீங்கள் கொடுக்கும் வாக்குறுதி. காக்க முடியும் என்று உறுதியாகத் தெரியாத வாக்குறுதியைக் கொடுக்க எவருக்கும் உரிமை இல்லை.

ஆனால் நாயைப் பேணுவதையே விட்டுவிடச் சொல்லவில்லை. புண்ணைக் கழுவுங்கள். உண்ணியை எடுங்கள். மருத்துவர் சொன்ன குடற்புழு மருந்தைச் சொன்ன அளவில் கொடுங்கள். தடுப்பூசி அட்டையைக் குடும்ப அட்டைபோல் பத்திரமாக வையுங்கள். நம் தலைவலி மாத்திரையை மட்டும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். நமக்கு நோவைத் தணிக்கும் இபுபுரோஃபன் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கக்கூடும். இவை வீட்டுக் கவனிப்பு. இதைத் தொழில் என்று எவரும் தடுக்க வேண்டியதில்லை. எது வீட்டுக் கவனிப்பு, எது மருத்துவம் என்ற எல்லையைப் பிரிட்டன் எழுதி வைத்ததுபோல நம் சட்டமும் எழுதி வைத்தால் ஏழையின் ஐயம் தீரும்.

தந்தையோடு கணக்கு முடிந்தது. அரசோடு முடியவில்லை.

‘நீ செய்யாதே’ என்று சொல்கிறவன், ‘நான் செய்கிறேன்’ என்றும் சொல்லக் கடமைப்பட்டவன். கையைத் தடுத்த சட்டம் கை கொடுக்கவும் வேண்டும். கொடுக்காவிட்டால் சட்டம் அறமாகாது, வெறும் பூட்டு. மருத்துவர் எட்டாத் தொலைவில் இருக்கும் ஊரில், ‘மருத்துவர் மட்டுமே’ என்ற விதிக்கு நடைமுறைப் பொருள் ‘எவருமில்லை’ என்பதுதான்!

வழி இல்லாமல் இல்லை. ஒரு காலத்தில் மூணாற்றுத் தேயிலையை டாப் ஸ்டேசனிலிருந்து கொட்டகுடிப் பக்கம் இறக்குவதற்கு இந்த மலையிலேயே கம்பிவழி அமைத்தார்கள். தேயிலைப் பெட்டி இறங்க அன்று வழி கண்டவர்கள் உண்டு; மருந்துக் குளிர்ப்பெட்டி ஏற இன்று வழி காண முடியாதா? 1902-இல் தென்னாட்டில் ஓர் ஆங்கிலப் பெண் வெறிநோயால் மாண்டார். அருகில் மருத்துவம் இல்லாத குறை அதன்பின் பேசப்பட்டது. அமெரிக்கச் செல்வர் என்றி பிப்ஸின் நன்கொடையும் சேர, 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் எழுந்தது. அன்று வடக்கே கசௌலிக்கு ஓடவேண்டிய நிலை. பிற்காலத்திலும் வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற கொடுமை. இன்று கடிபட்டவருக்கு அரசு மருத்துவமனையில் நான்கு வருகையில் தோலில் போடும் ஊசி வந்துவிட்டது. மனிதனை நோக்கி மருந்து நடந்து வந்த வரலாறு இது. நாயை நோக்கியும் அது நடக்க வேண்டும். ஏனெனில் நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் நாய்களிடையே நோய்ச்சங்கிலி அறுபடும் என்கிறது உலகச் சுகாதார அமைப்பு. 2030-க்குள் நாய்வழி வெறிநோயை ஒழிப்பதென்று 2021-இல் இந்திய அரசும் திட்டம் அறிவித்திருக்கிறது.

எப்படிச் செய்வது? மாட்டுக்கு வந்த வெக்கை நோயின் முடிவைப் படியுங்கள். எத்தியோப்பியாவின் அஃபார் நிலத்திலும் தெற்குச் சூடானிலும் மருத்துவர் செல்ல முடியாத இடங்கள் இருந்தன. அங்கே மாடு மேய்க்கும் சமூகங்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்து, பயிற்சி கொடுத்து, வெப்பம் தாங்கும் தடுப்பூசியையும் கொடுத்து அனுப்பினார்கள். 2011-இல் அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். தனி ஆள் தன் விருப்பப்படி குத்திய ஊசியால் வந்த வெற்றியன்று இது. மருத்துவரின் கைக்கு மட்டுமே என்று பூட்டி வைத்ததாலும் வந்ததன்று. கற்பித்து, மேற்பார்த்து, பகிர்ந்துகொண்ட அறிவு பெற்ற வெற்றி. நம் 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விலக்கிலேயே அந்த வழி இருக்கிறது. மலையூர் இளைஞருக்குக் கால்நடைத் துறையே பயிற்சி அளித்து, சான்று வழங்கி, குளிர்ப்பெட்டியோடு அனுப்பட்டும்.

அதுவரை நாம் சும்மா இருப்பதா? இளைஞர்களே, உங்கள் படிப்பகத்தில் ஒரு குறிப்பேடு திறவுங்கள். ஊரில் எத்தனை நாய், எதற்குக் கடைசியாக எப்போது ஊசி என்று எழுதுங்கள். பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28-ஆம் நாளை உலக வெறிநோய் நாளாகக் கொண்டாடுகிறார்கள். அந்நாளில் உங்கள் ஊரில் முகாம் வேண்டும் என்று கையெழுத்துத் திரட்டி விண்ணப்பம் கொடுங்கள். 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வரவேண்டும். அந்த எண்ணைத் தேநீர்க் கடைச் சுவரில் எழுதுங்கள். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேளுங்கள்.

அந்தத் தந்தை மீண்டும் ஒரு நாய்க்குட்டி வளர்க்கிறார். “இதுக்கு யாரு சார் ஊசி போடுவாங்க?” என்று சென்ற கிழமை கேட்டார்.

நாள் குறித்திருக்கிறோம். குட்டிக்கு மூன்று மாதம் நிறையும் கிழமையில், நம் மாணவனும் அவன் தந்தையும் நாமும் சேர்ந்து குட்டியைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போகப் போகிறோம். மூன்று பேர் ஒரு நாள் வேலையை விட்டு, ஜீப் ஏறிப் போக வேண்டியிருக்கிறது. அடுத்த ஆண்டாவது மருந்து மலையேறி வரட்டும்.